உங்களுக்குத் தெரியுமா? குதிகால் வலிக்கு நடந்த குத்துச்சண்டை!

காலையில் கண் விழிக்கிறீர்கள். கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கிறீர்கள். சுளீர்! குதிகாலில் யாரோ ஆணி அறைந்த மாதிரி. பத்து அடி நடந்தால் குறைகிறது. பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றால் மறுபடி வந்துவிடுகிறது. உங்களுக்கு மட்டும்தான் இந்தத் தலைவிதி என்று நினைத்தீர்களா? பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது!

கத்தி வைக்காமல் இதைத் தீர்க்க எத்தனை வழி இருக்கிறது தெரியுமா? செங்கல், துண்டு, காந்தம், ஊசி, சொந்த ரத்தம், விஷம், கதிர்வீச்சு, விமான ஆராய்ச்சியில் பிறந்த அதிர்வலை! ஒவ்வொன்றையும் களத்தில் இறக்கி மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைத்தான் உங்களுக்காகத் தேடிப் பிடித்து வந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள். நின்றால் குதிகால் வலிக்கும்!

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டுக்கும் சேர்த்து 52. உடம்பு முழுக்க எண்ணினாலே 206 தான். ஆக, கால்வாசி எலும்பு காலில்தான்!

பாதத்தின் மிகப் பெரிய எலும்பு குதிகால் எலும்பு. அதற்கு அடியில் ஒரு கொழுப்பு மெத்தை. தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தடுத்து வைத்திருக்கிறது இயற்கை. தடிமன் சுமார் 18 மி.மீ. நாம் பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வந்த இன்சோல்!

ஆனால் வலியின் வீடு பெரும்பாலும் அந்த மெத்தை இல்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் ஒரு நார்ப்பட்டை. டாக்டர் பாஷையில் பிளான்டார் ஃபேஷியா. சாதாரணமாக 4 மி.மீ.க்கு மேல் போகாது. ஸ்கேனில் அதைத் தாண்டினால் டாக்டரின் புருவம் உயரும். ஒரு மில்லிமீட்டரில் உங்கள் காலை நேரமே நாசம்!

இப்போதே ஒரு வித்தை செய்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவரை எழுந்து நிற்கச் சொல்லி, அவர் கால் கட்டைவிரலை மெதுவாக மேலே தூக்குங்கள். உள்ளங்கால் வளைவு தானாக எழும்புகிறதா? கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதுபோல அந்தப் பட்டை விரல் மூட்டைச் சுற்றி இறுகுகிறது. இதை எழுதிவைத்தவர் ஜே.எச். ஹிக்ஸ். வருடம் 1954!

எக்ஸ்ரே எடுத்தவர் வீட்டுக்கு வந்து என்ன சொல்வார்? "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்காம்!" ஊரே உச்சுக்கொட்டும். அந்த எலும்பு முள் வலி உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் இருக்கிறது. வலியே இல்லாமல் ஓடியாடித் திரிகிறவர்களிலும் பத்தில் ஒருவருக்காவது இருக்கிறது. அவர்கள் எக்ஸ்ரே எடுக்கவில்லை, அவ்வளவுதான்!

இங்கிலாந்தில் இதற்குப் 'போலீஸ்காரர் குதிகால்' என்று பெயர். நின்று நின்று பீட் பார்த்தவர்களுக்கு வந்ததாம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்டர்கள் வேறொரு குற்றவாளியைப் பிடித்தார்கள். வெட்டை நோய்! 1906-ல் ஓர் அமெரிக்க டாக்டர் வைத்திருந்த ஆதாரம் வெறும் ஆறு நோயாளிகள். பாவம், அந்தக் காலத்துக் குதிகால் வலிக்காரர்கள் மனைவிக்கு என்ன பதில் சொன்னார்களோ!

நோயின் பெயரே தப்பு என்றால் நம்புவீர்களா? 'ஃபேஷியைட்டிஸ்' என்றால் பட்டையில் அழற்சி. 2003-ல் ஹார்வி லெமான்ட் குழு, அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த 50 பேரின் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தது. நைந்துபோன நார் தெரிந்தது. கிழிசல் தெரிந்தது. அழற்சி? தேடினாலும் கிடைக்கவில்லை!

யாருக்கு அதிகம் வரும்? அதே 2003-ல் வந்த இன்னொரு ஆய்வு கணக்கே போட்டுவிட்டது. பெரும்பாலும் நின்றபடி வேலை பார்ப்பவருக்கு வாய்ப்பு 3.6 மடங்கு. உயரத்துக்கு மிஞ்சிய பருமன் உள்ளவருக்கு 5.6 மடங்கு. கணுக்கால் மேல்நோக்கி மடங்கவே மறுக்கிறவருக்கு? 23 மடங்கு! வலிப்பது குதிகால், காரணம் இறுகிப்போன கெண்டைக்கால்!

சரி, சண்டைக்கு வருவோம்!

முதல் வீரர் நம்ம வீட்டுச் செங்கல். அடுப்பில் சூடாக்கி, மேலே எருக்கிலை பரப்பி, குதிகாலை வைத்து ஒத்தடம். தமிழ்நாட்டில் குதிகால் வாதத்துக்கு இதைச் சொல்லாத பாட்டி உண்டா? எங்கள் அத்தை இதற்கென்றே ஒரு செங்கலைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். வேறு எதற்கும் அதை எடுக்க விடமாட்டார்! ஆனால் ஜாக்கிரதை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும். சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும்!

அடுத்தது இன்சோல். 1999-ல் அமெரிக்காவில் 15 மருத்துவ மையங்கள். 236 நோயாளிகள். ஐந்து அணிகள். எல்லோருக்கும் நீட்டல் பயிற்சி உண்டு. நான்கு அணிகளுக்கு மட்டும் கூடுதலாகச் செருப்புக்குள் வைக்க ஒன்று. எட்டு வாரம் கழித்து யார் ஜெயித்தது தெரியுமா? பாதத்தை அச்செடுத்து ஆளுக்கேற்றபடி செய்த விலை உயர்ந்த இன்சோல்தானே என்பீர்கள். அதில் தேறியவர்கள் 68 சதவீதம். ஐந்தில் கடைசி இடம்!

கடையில் சும்மா வாங்குகிற ஃபெல்ட் பஞ்சு 81. ரப்பர் 88. சிலிக்கான் ஹீல் கப் 95 சதவீதம்! வேடிக்கை அதோடு முடியவில்லை. செருப்புக்குள் எதுவுமே வைக்காமல், வெறும் நீட்டல் மட்டும் செய்தவர்கள் 72. அச்செடுத்துச் செய்ததை ஒன்றுமில்லாததே முந்திவிட்டது!

ஆஸ்திரேலியாக்காரர்கள் விடவில்லை. ஒரு வருடம் காத்திருந்து பார்ப்போம் என்று 135 பேரை எடுத்துக்கொண்டார்கள். அச்செடுத்த இன்சோல், கடை இன்சோல், சும்மா பெயருக்கு ஒரு மெல்லிய ஃபோம் துண்டு. முதல் சில மாதங்களில் கொஞ்சம் வித்தியாசம். 12 மாதம் ஆனதும்? மூன்றும் ஒரே தராசில்! 2006-ன் முடிவு இது.

எலும்பு டாக்டர் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு போட்டிருக்கிறீர்களா? அது யாருக்காகப் பிறந்தது தெரியுமா? குதிகால் வலிக்காக இல்லை. சர்க்கரை நோய்க்காகவும் இல்லை. தொழுநோயாளிகளுக்காக! உணர்ச்சி மரத்த பாதத்தில் புண் வராமல் இருக்க, வேலூரிலும் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மெத்தென்ற ரப்பர் அது. 'மைக்ரோ செல்லுலர் ரப்பர்' என்பதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர்.! ரப்பர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள்!

அந்த பால் பிராண்ட் எங்கே பிறந்தார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். லண்டனா? இல்லை. நம்ம கொல்லிமலை! 1914-ல். படிக்க இங்கிலாந்து போனவர் 1946-ல் இந்தியாவுக்குத் திரும்பி வேலூருக்கு வந்தார். கொல்லிமலைப் பிள்ளையின் கைவண்ணம்தான் இன்று உங்கள் செருப்பு ஸ்டாண்டில்!

இங்கே ஒரு சின்ன வம்பு. அந்த எம்.சி.ஆரை நாம் எங்கே கழற்றுகிறோம்? வாசலில். பிறகு நாள் முழுக்க எங்கே நடக்கிறோம்? கிரானைட் தரையில், வெறுங்காலோடு! சமையலறையில் இரண்டு மணி நேரம் நிற்கும்போது செருப்பு மட்டும் வெளியே சொகுசாக ஓய்வெடுக்கிறது. அதனால்தான் வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி வாங்கச் சொல்கிறார்கள்!

காந்தம் வைத்த இன்சோல் விற்கிறார்களே, அதையும் விட்டுவைக்கவில்லை. 2003-ல் 101 பேர். பாதிப் பேருக்கு நிஜ காந்தம், பாதிப் பேருக்கு டம்மி. எட்டு வாரம். நிஜ காந்தத்தில் நன்றாகக் குணமானதாகச் சொன்னவர்கள் 35 சதவீதம். டம்மியில் 33 சதவீதம். காந்தத்தின் சக்தி வெறும் இரண்டு சதவீதம்! அந்த இரண்டையும் தற்செயல் என்று தள்ளிவிட்டார்கள்!

ஃபிசியோ மையத்தில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை உருட்டுவார்களே? 1996-ல் கருவியை இயக்கியும், இயக்காமல் சும்மா உருட்டியும் பார்த்தார்கள். இயக்கினால் வலி 30 சதவீதம் குறைந்தது. சும்மா உருட்டினால் 25 சதவீதம். புண்ணியத்தில் பெரும்பங்கு ஜெல்லுக்கே போலிருக்கிறது!

துண்டு, பெல்ட், மெஷின் எதுவும் வேண்டாத ஒரு பயிற்சி. கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மறு தொடைமேல் போடுங்கள். கால்விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். பத்து எண்ணுங்கள். பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வேளை, காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே! 2003-ல் 101 பேரை வைத்து இதைக் கெண்டைக்கால் நீட்டலோடு மோதவிட்டார்கள். எட்டு வாரத்தில் ஜெயித்தது இதுதான். இரண்டு வருடம் கழித்துத் தேடிப்போய்க் கேட்டபோது திருப்தி அல்லது கிட்டத்தட்ட திருப்தி என்றவர்கள் 92 சதவீதம்!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் டென்மார்க்கில். வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்வோம் இல்லையா? அவர்கள் சுமை ஏற்றினார்கள்! துண்டைச் சுருட்டி விரல்களுக்கடியில் வைக்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க வேண்டும். மூன்று நொடி ஏற்றம், இரண்டு நொடி நிறுத்தம், மூன்று நொடி இறக்கம். ஒன்றுவிட்டு ஒரு நாள். பழகப் பழக, முதுகுப் பையில் புத்தகங்களை அடுக்கி எடையைக் கூட்ட வேண்டும். 48 பேர். மூன்று மாதத்தில் நீட்டல் அணியை நீட்டிப் படுக்க வைத்துவிட்டது இந்த அணி. 12 மாதத்தில்? இரண்டும் சமம்!

கவனித்தீர்களா? இதுவரை பார்த்த ஒரு வருடச் சண்டைகளில், 12-ம் மாதம் வந்தால் நடுவர் எல்லோர் கையையும் தூக்கிவிடுகிறார்!

"நல்லா அமுக்கித் தேய்ச்சா பட்டை இளகிடும்." அப்படியா? 2008-ல் கணிதக் கணக்குப் போட்டார்கள். அந்தப் பட்டையை ஒரே ஒரு சதவீதம் அமுக்கவே எவ்வளவு எடை வேண்டும் தெரியுமா? 852 கிலோ! ஒரு மாருதி 800 காரைக் குதிகால்மேல் ஏற்றினாலும் பற்றாது. மசாஜ் சுகமாக இருக்கிறதா, தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். பட்டை இளகியது என்று மட்டும் சொல்லாதீர்கள்!

விளையாட்டு வீரர்கள் பாதத்தில் வெள்ளை டேப் சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'லோ டை' டேப்பிங் என்று பெயர். சாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரால்ஃப் டை என்ற அமெரிக்கப் பாத மருத்துவரின் பெயர் அது! 92 பேரிடம் ஒரு வாரம் சோதித்தார்கள். காலை முதல் அடி வலி, 100 மி.மீ. அளவுகோலில் டேப் போடாதவர்களைவிட 12 மி.மீ. அதிகம் குறைந்தது. டேப்புக்கு இது பெரிய வேலைதான்!

உலர் ஊசி என்று ஒன்று. மருந்தே இல்லாத மெல்லிய ஊசியைக் கெண்டைக்காலிலும் பாதத்திலும் குத்தி எடுப்பார்கள். மெல்போர்னில் 84 பேர், வாரம் ஒரு தடவை. முதல் அடி வலி டம்மியைவிட 14 மி.மீ. அதிகம் குறைந்தது. குத்து வாங்கினாலும் டேப்பைவிட இரண்டு மில்லிமீட்டர்தான் லாபம்!

தூங்கும்போது பாதத்தை மடங்கவிடாமல் பிடித்து வைக்கும் ஸ்ப்ளின்ட் உண்டு. பட்டை இரவில் சுருங்கினால்தானே காலையில் சுளீர்? பாதத்தை 5 டிகிரி மேலே நிமிர்த்தி வைத்தார்கள், ஒரு மாதம். 1998-ல் இதைச் சோதித்த 37 பேரும் சராசரியாக 33 மாதம் வலியோடு கிடந்தவர்கள். முடித்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு முன்னேற்றம்! பூட்ஸ் போட்டுக்கொண்டு தூங்கத் தயாரா என்பதுதான் கேள்வி!

இப்போது ஸ்டீராய்டு ஊசி. எல்லோரும் பயந்துகொண்டே ஆசைப்படும் ஊசி! 2012-ல் 82 பேருக்கு ஸ்கேன் பார்த்தபடி குறிவைத்துப் போட்டார்கள். வலி நான்காம் வாரத்தில் குறைந்தது. எட்டாம் வாரத்தில் டம்மி ஊசிக்கும் அதற்கும் வித்தியாசம் கரைந்துவிட்டது. ஆனால் பட்டை மட்டும் 12-ம் வாரம் வரைக்கும் மெலிந்தே இருந்தது. பட்டை மெலிந்தாலும் வலி மெலியவில்லை!

அதே ஊசியை இன்சோலோடு மோதவிட்டார்கள், 2019-ல். 103 பேர். நான்காம் வாரம் ஊசி முன்னே. 12-ம் வாரம் இன்சோல் முன்னே. முயல், ஆமை கதையேதான்!

ஊசியின் மறுபக்கத்தையும் கேளுங்கள். 1998-ல் 765 நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள். 51 பேருக்கு அந்தப் பட்டையே அறுந்திருந்தது. அதில் எத்தனை பேருக்கு ஊசியோடு தொடர்பு? 44!

சொந்த ரத்தமே மருந்து! கையில் ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த பகுதியைக் குதிகாலில் செலுத்தினால் அது பி.ஆர்.பி. 2014-ல் 20 பேருக்கு இது, 20 பேருக்கு ஸ்டீராய்டு. பாதத்துக்கு 100-க்கு மதிப்பெண் போட்டார்கள். மூன்றாம் மாதத்தில் இருவருமே பாஸ். இரண்டு வருடம் கழித்து ஸ்டீராய்டு அணி 56-க்கு விழுந்துவிட்டது. ரத்த அணி 92! ஆனால் ஆடியது நாற்பதே பேர் என்பதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

விஷமும் வந்தது! முகச் சுருக்கம் போக்கும் போடாக்ஸ். 2005-ல் 27 பேர், 43 பாதங்கள். கணக்கு இடிக்கிறதா? 16 பேருக்கு இரண்டு குதிகாலிலும் வலி. ஒரு காலில் போடாக்ஸ், மறு காலில் வெறும் உப்புத் தண்ணீர். ஒரே ஆளின் இரண்டு கால்களுக்கும் போட்டி! எட்டாம் வாரத்தில் போடாக்ஸ் கால் ஜெயித்தது!

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தெரியும். குதிகாலுக்கு? ஜெர்மனியில் சர்வசாதாரணம்! 2012-ல் ஒரு சோதனை. ஓர் அணிக்கு மொத்தம் 6 கிரே அளவுக் கதிர், இன்னொன்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. அறுபத்துச் சொச்சம் பேர் சேர்ந்ததுமே சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஏன்? ஆபத்தா? இல்லை. 6 கிரே அணி அவ்வளவு தெளிவாக முன்னே போய்விட்டது!

இனிமேல்தான் எனக்குப் பிடித்த வீரர். ஷாக்வேவ்! அதிவேக விமானம் பறக்கும்போது மழைத்துளி மோதினால் உலோகத்தில் குழி விழுகிறது. ஏன் என்று குடைந்தது ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம். உடம்புக்கு வெளியிலிருந்தே உள்ளே இருப்பதை உடைக்கலாமே என்று தோன்றியது. 1980 பிப்ரவரி 7, மியூனிக். உலகில் முதல் முறையாக ஒரு மனிதரின் சிறுநீரகக் கல் கத்தியின்றி நொறுங்கியது! அதே உத்தி குதிகாலுக்கு இறங்கி வந்து அமெரிக்க அரசின் அனுமதி வாங்கியது 2000-ல். விமானத்திலிருந்து கிட்னிக்கு, கிட்னியிலிருந்து குதிகாலுக்கு!

களத்தில் என்ன ஆனது? 2002, ஆஸ்திரேலியா, 166 பேர்: டம்மியோடு சமம். 2003, ஜெர்மனி, 272 பேர்: நிஜம் 34 சதவீதம், டம்மி 30 சதவீதம். தோல்விதான்! அடங்கியதா? 2008-ல் வேறு வகைக் கருவியோடு மீண்டும் வந்தது. 245 பேர். நிஜம் 61, டம்மி 42. வெற்றி! டம்மி மெஷினில் படுத்துவிட்டு வந்தவர்களில் 42 சதவீதம் பேர் தேறினார்களே, அதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த எண்!

2024-ல் நார்வே வந்தது. 200 பேர். எல்லோருக்கும் ஆலோசனையும் இன்சோலும். ஓர் அணிக்குக் கூடுதலாக ஷாக்வேவ், ஓர் அணிக்கு டம்மி ஷாக்வேவ், ஓர் அணிக்குப் பயிற்சி, ஓர் அணிக்கு ஒன்றுமே இல்லை. முடிவு? நான்கு அணிக்கும் வித்தியாசமே இல்லை!

பிப்ரவரி 7 என்றேனே, அதை மறக்காதீர்கள். அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் பெய்டன் மேனிங்குக்கு 2015 நவம்பரில் இந்தக் குதிகால் பட்டையே ஓரளவு கிழிந்தது. ஆறு ஆட்டங்களை விட்டார். வயது 39. முடிந்தது கதை என்றார்கள். திரும்பி வந்து சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கினார். தேதி? 2016 பிப்ரவரி 7! இந்தப் பொருத்தத்தை வேறு யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்களா?

2019-ல் இங்கிலாந்தில் ஒரு குழு எல்லாச் சண்டைகளையும் ஒரே மேஜையில் கொட்டியது. 31 சோதனைகள். 2,450 நோயாளிகள். கூட்டிக் கழித்துச் சாம்பியன் யார் என்று பார்த்தார்கள். நாற்காலி காலி! இதுதான் சிறந்தது என்று ஒன்றைக்கூட அடித்துச் சொல்ல முடியவில்லை!

2021-ல் வந்த ஒரு வழிகாட்டி வரிசையாவது போட்டுக் கொடுத்தது. முதலில் நீட்டல், டேப், நோயாளிக்கு விஷயத்தை விளக்குவது. சில வாரத்தில் கேட்காவிட்டால் ஷாக்வேவ். அப்புறம்தான் அச்செடுத்த இன்சோல். வரிசையின் முதல் மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, ஒரு டேப் சுருள்!

கடைசியாக ஒரு வீரர். மேடைக்கே வராமல் ஜெயிக்கிறவர். காலம்! 1994-ல் வந்த ஆய்வில் கத்தியில்லாச் சிகிச்சை பெற்ற 100 பேரைச் சராசரியாக 47 மாதம் கழித்துப் பார்த்தார்கள். 82 பேருக்கு வலி முழுசாகப் போயிருந்தது!

சந்தோஷப்படும் முன் டென்மார்க்கையும் கேட்டுவிடுங்கள். 174 பேரை 5 முதல் 15 வருடம் வரை பின்தொடர்ந்து 2018-ல் கணக்குக் கொடுத்தார்கள். 46 சதவீதம் பேருக்கு அப்போதும் வலி போயிருக்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டதும் போடாததும் ஒன்றுதான். வலி போன மிச்சப் பேருக்கு அது போகச் சராசரியாக எத்தனை நாள் ஆனது தெரியுமா? 725!